சுடுமல்லியின் வரலாறு

தாம்பரத்தைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்வோர் இரும்புலியூரைப் பார்த்திருப்பார்கள், ஆனால் கவனித்திருக்கமாட்டார்கள். பெருஞ்சாலையும் இருப்புப்பாதையும் நெருங்கி ஓடும் இடம் அது. அங்கே நின்று பார்ப்பதற்கு யாருக்கும் நேரமில்லை. ஊரின் பெயரைப் பிரித்தால் ‘இரும் புலி’ என்ற சொற்கள் தோன்றுகின்றன. ‘பெரும் புலி’ என்று பொருள்படும். அப்பெயர் எவ்வாறு வந்தது என்று ஆராய்வது இன்று என் நோக்கமன்று. புலியைப் போலவே பதுங்கியிருந்து பாயும் ஒரு சிறு பூஞ்செடியைப் பற்றித்தான் உங்களுடன் பேச விரும்புகிறேன்.

நான் அவ்வூரில் வசிப்பவன். தாவரவியலைப் பாடமாகச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தவன். மழைக்காலம் ஓய்ந்த காலை நேரங்களில், சாலைகளும் வீடுகளும் நெருக்கியதுபோக எஞ்சியிருக்கும் ஏரிக்கரையிலே உலாவச் செல்வது வழக்கம். ஒரு நாள், கரையோரப் புற்களுக்கிடையே ஒரு சாண் உயரமுள்ள மெல்லிய செடியொன்று நிற்கக் கண்டேன். குறுகிய இலைகள், சொரசொரப்பான தண்டு, நுனியிலே சிறு வெண்பூக்கள். உடன் வந்த மாணவர், “ஐயா, இது அழகாயிருக்கிறதே, வீட்டுத் தொட்டியில் வைத்து வளர்க்கலாமா?” என்று கேட்டார். “வைக்கலாம், ஆனால் தனியாக வைத்தால் வளராது” என்றேன். அவர் விழித்தார். அந்த ஒரு விடைக்குள்ளே ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளின் சரித்திரம் அடங்கியிருக்கிறது.

அச்செடியின் குலத்திற்குத் தாவர நூலார் வைத்த பெயர் ஸ்ட்ரைகா. நம் உழவர்கள் சுடுமல்லி என்பார்கள். ஏரிக்கரையில் நான் கண்டது புல்லை நம்பி வாழும் ஒரு வகை; சோளத்தையும் கரும்பையும் நம்பி வாழ்வது அதன் நெருங்கிய உறவு. பிற நாட்டிலிருந்து கப்பலேறி வந்த களைகளைப் பற்றி நாம் நிரம்பப் பேசுகிறோம். ஆகாயத்தாமரையும் பார்த்தீனியமும் அவ்வாறு வந்தவை. சுடுமல்லியோ இந்த மண்ணுக்கே உரியது. நம் தலைவர்கள் எவரையும் விடப் பழைய குடி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

எனக்கு அதனுடன் ஏற்பட்ட முதற் பழக்கம் இரும்புலியூரில் நேர்ந்ததன்று. கொங்கு நாட்டிலே, பல்லடத்தை அடுத்த மானாவாரி நிலத்தில் நேர்ந்தது. என் அப்பாரு (பாட்டனாரை அப்பகுதியில் அவ்வாறுதான் அழைப்போம்) புரட்டாசி மழைக்குச் சோளம் விதைப்பார். தானியம் எங்கள் சோற்றுக்கு, தட்டு மாடுகளுக்கு. ஓராண்டு, மண்ணில் ஈரம் இருந்தும் பயிர் நண்பகலில் வாடிக் கிடந்தது. இலைகள் மஞ்சளாகி, ஓரங்கள் நெருப்புப் பட்டாற்போல் கருகின. கார்த்திகை பிறந்ததும், சோளத்தின் அடியைச் சுற்றி வெண்பூக்கள் கொத்துக் கொத்தாக எழுந்தன. பெண்கள் குனிந்து அவற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கிவிட்டால் பயிர் தேறிவிடுமா என்று நான் கேட்டேன். அவர்களுள் மூத்தவர் இடுப்பை நிமிர்த்தி, “புடுங்கறது எங்க பாடு கண்ணு, அது குடிச்சதத் திருப்பிக் குடுக்கவா போவுது?” என்றார். பிற்காலத்தில் நான் படித்த எந்தத் தாவர நூலும் சுடுமல்லியின் இயல்பை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. அவ்வாண்டு தட்டுப் போதாமல் எங்கள் வீட்டு மாடுகளில் ஒரு சோடி சந்தைக்குப் போயிற்று.

அந்த அம்மையார் சொன்னதன் உண்மை எவ்வாறு விளங்கியது என்பதே இனி நான் சொல்லப்போகும் கதை.

சுவீடன் நாட்டு லின்னேயசு 1753-ஆம் ஆண்டில் தம் பெருநூலில் இச்செடியைச் சேர்த்தார். ஆனால் வேறொரு குலத்தின் பெயரால் சேர்த்தார். 1790-இல் லூரெய்ரோ என்னும் போர்ச்சுகீசியப் பாதிரியார், கொச்சின்-சீனத்துச் செடிகளைப் பற்றித் தாம் எழுதிய நூலில் ஸ்ட்ரைகா என்ற குலப்பெயரை வழங்கினார். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குச் சூனியக்காரி என்றும் ஒரு பொருள் உண்டு. ஆங்கிலத்திலும் இதற்குச் சூனியக்களை என்ற பொருளுள்ள பெயரே வழங்குகிறது. ஈரமுள்ள நிலத்தில் பயிர் வாடுவதைக் கண்டவன் ஏவல், பில்லி என்று எண்ணியதில் வியப்பில்லை. எங்கள் ஊரிலும் சிலர் அதனைக் கண்ணேறு என்றே சொன்னார்கள்.

மாமரத்தின் மேல் புல்லுருவி ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது கிளையின் மேல் இருப்பதால் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. சுடுமல்லி அதே தொழிலை மண்ணுக்குள்ளே செய்கிறது. பச்சை இலைகள் உடையதாகையால், தன் உணவைத் தானே சமைக்கும் ஒழுக்கமான செடி என்றே பார்ப்பவர் நினைப்பர். வேரைத் தோண்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதன் வேர் நுனியில் ஒரு சிறு குமிழ் போன்ற உறிஞ்சுறுப்பு உண்டு. அது சோளத்தின் வேரைத் துளைத்து, நீர் ஓடும் குழாய்களைச் சென்று தொடுகிறது. நம் சந்தன மரமும் இவ்வாறே அயல் வேர்களை நாடும் இயல்புடையது. சென்னை மாகாணத்தின் அரசாங்கத் தாவரவியலாராக இருந்த சி. ஏ. பார்பர், சந்தனத்தின் உறிஞ்சுறுப்பை நுணுகி ஆராய்ந்து 1906, 1907 ஆகிய ஆண்டுகளில் எழுதியவை இன்றும் மதிக்கப்படுகின்றன. சைதாப்பேட்டையில் நடந்துவந்த வேளாண்மைப் பள்ளி கோயம்புத்தூருக்கு மாறியதும் அதே 1906-இல்தான். பார்பரும் பின்னர் கோயம்புத்தூர் சென்றார். கரும்பு இனவிருத்தி நிலையம் அங்கே 1912-இல் அவர் பொறுப்பில் தொடங்கிற்று. கரும்புக்கும் சுடுமல்லிக்கும் உள்ள பகை பற்றி முன்பே சொன்னேன்.

சந்தனத்திற்கும் சுடுமல்லிக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. அது விதையில் இருக்கிறது. சுடுமல்லியின் விதை ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. கையில் கொட்டினால் மூக்குப்பொடி என்றே கருதத் தோன்றும். ஒரே செடி பல்லாயிரக்கணக்கான விதைகளைச் சொரியும். இவ்வளவு சிறிய விதைக்குள் குழந்தைக்குக் கட்டுச்சோறு கட்டி அனுப்பத் தாய்ச்செடிக்கு இடமேது? முளைத்த சில நாட்களுக்குள் வேறொரு வேரைப் பற்றாவிட்டால் அம்முளை பட்டினியால் மடியவேண்டியதுதான். அதன் முளைவேர் நீளக்கூடியதும் சில மில்லிமீட்டர் மட்டுமே. ஆகவே, பக்கத்தில் சோள வேர் இருக்கும்போது மட்டுமே முளைக்கவேண்டும். இல்லாதபோது முளைக்கக் கூடாது. கண்ணும் காதும் இல்லாத ஒரு தூசி, இருட்டில், மண்ணுக்குள் இருந்துகொண்டு இதனை எவ்வாறு அறிகிறது?

விதை அதற்காகக் காத்திருக்கிறது. மழை பெய்து மண் நனைந்ததும் உடனே முளைத்துவிடுவதில்லை. ஒன்றிரண்டு வாரம் ஈரத்திலும் வெப்பத்திலும் ஊறி ஆயத்தமாகிறது. பிறகு சோள வேரிலிருந்து கசியும் ஒரு பொருள் தன்னைத் தொட்டால் விழிக்கிறது. தொடாவிட்டால் மீண்டும் உறங்குகிறது. இவ்வுறக்கம் 10 ஆண்டுக்கு மேலும் நீடிக்கக்கூடும். விழித்து வேரைப் பற்றிய பின்னரும் உடனே தலைகாட்டுவதில்லை. பல வாரங்கள் மண்ணுக்குள்ளேயே இருந்து, சோளத்தின் நீரையும் உணவையும் குடித்துப் பருக்கிறது. பூவை நாம் காணும் நாளில் திருட்டு முக்கால் பங்கு முடிந்துவிட்டது. பல்லடத்து அம்மையார் சொன்னது இதைத்தான். ஆயினும் அவர்கள் பிடுங்கியது வீண் என்று எண்ணிவிடாதீர்கள். அவ்வாண்டுப் பயிருக்கு அது உதவவில்லை. ஆனால் காய் முற்றும் முன் பிடுங்கிய ஒவ்வொரு செடியும் வருங்காலச் சோளத்தின் பகைவர்கள் பல்லாயிரவரைக் குறைத்தது.

இனி, கதை கடல் கடக்கிறது. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில், 1950-களின் நடுவே, மக்காச்சோளப் பயிர் சில வயல்களில் காரணம் தெரியாமல் குன்றி வாடியது. பயிரின் அடியிலே செந்நிறப் பூக்களுடன் ஒரு சிறு செடி நின்றது. நம் நாட்டுச் சுடுமல்லி பெரும்பாலும் வெண்பூ உடையது. அங்கே சென்றது செம்பூ இனம். கற்றறிந்த பலர் வந்து பார்த்தும் அச்செடி இன்னதென்று துணியவில்லை. அமெரிக்கக் கண்டத்தில் அதற்கு முன் அதைக் கண்டவர் இல்லை. 1956-ஆம் ஆண்டில் அதனை அடையாளம் காட்டியவர், இந்தியாவிலிருந்து அங்கே படிக்கச் சென்றிருந்த ஒரு மாணவர். தம் நாட்டு வயல்களில் கண்டு பழகிய செடி அது என்று அவர் சொன்னார். மாணவ நண்பர்களே, இந்தச் செய்தியை நான் முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆய்வுக்கூடங்களும் நூலகங்களும் நிறைந்த நாட்டில், அன்று பயன்பட்டது வயல்வரப்பில் நடந்த ஒருவரின் நினைவு.

அமெரிக்க அரசு விரைந்து செயற்பட்டது. 1957-இல் விலக்குச் சட்டம் பிறந்தது. களை படர்ந்த வயல்களிலிருந்து மண்ணோ, விளைபொருளோ, உழுகருவியோ சோதனையின்றி வெளியேறக் கூடாது என்று தடுத்தார்கள். வட, தென் கரோலினா மாநிலங்களில் 4 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் களை பரவியிருந்தது. 2,4-டி முதலிய களைக்கொல்லிகளைத் தெளித்தார்கள். ஆனால் அவை முளைத்ததைக் கொல்லுமே தவிர, மண்ணில் உறங்கும் விதையைத் தொடமாட்டா. உறங்குவதை எழுப்பிக் கொல்வது எப்படி?

இக்கேள்விக்கு விடை தேடியவர்கள் வேரின் கசிவை நோக்கித் திரும்பினார்கள். இங்கிலாந்திலும் 1940-கள் தொட்டு அறிஞர்கள் அதைப் பிடிக்க முயன்று தோற்றிருந்தார்கள். தோற்றதற்குக் காரணம் அப்பொருளின் அருமை. நீரில் கோடியில் ஒரு பங்கினும் குறைவாக இருந்தாலே விதை விழித்துவிடும். அவ்வளவு நுண்ணிய அளவில் உள்ளதைத் திரட்டி எடுப்பது, ஏரித் தண்ணீரில் கரைந்த ஒரு சிட்டிகை உப்பைத் திரும்ப எடுப்பது போலாம். 1966-ஆம் ஆண்டில் அமெரிக்க வேதியியலார் குழுவொன்று அதனைச் சாதித்தது. கண்டெடுத்த பொருளுக்கு ஸ்ட்ரைகால் என்று பெயரிட்டார்கள். அதன் அமைப்பு 1972-இல் தெளிவாயிற்று. இதில் வியப்பு என்னவெனில், அதனை அவர்கள் எடுத்தது சோள வேரிலிருந்தன்று, பருத்தி வேரிலிருந்து! பருத்தியைச் சுடுமல்லி பற்றி வாழமாட்டாது. ஆயினும் பருத்தி வேர் கசியும் பொருள் அதன் விதையை எழுப்பிவிடுகிறது. எழுந்த முளைக்குப் பற்ற இடமில்லை, மடிகிறது.

நம் கரிசல் நாட்டிலும் கொங்கு நாட்டிலும் ஓராண்டு சோளம், ஓராண்டு பருத்தி என்று மாற்றி விதைக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. உழவர்கள் சுடுமல்லியை நினைத்தே அவ்வழக்கத்தை ஏற்படுத்தினார்கள் என்று நான் சாதிக்கமாட்டேன்; நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று பேசுவது கைதட்டல் வாங்கித் தருமே தவிரச் சரித்திரம் ஆகாது. வழக்கத்திற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் பருத்தி நின்ற ஆண்டுகளில் மண்ணுக்குள் ஆயிரமாயிரம் விதைகள் ஏமாந்து விழித்து மாண்டன என்பது மட்டும் உறுதி.

அமெரிக்கர்கள் இன்னொரு வழியும் கண்டார்கள். வாழைக்காயைப் பழுக்கவைக்கக் குழியிலோ அறையிலோ அடுக்கிப் புகை மூட்டம் போடுவதை நீங்கள் அறிவீர்கள். அப்புகையில் உள்ள எத்திலீன் என்னும் வாயுதான் காயைப் பழுக்கச் செய்கிறது. அதே வாயு சுடுமல்லி விதையையும் எழுப்பிவிடும் என்று 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெரியவந்தது. உழுபொறியில் உருளைகளைக் கட்டி, மண்ணுக்குள் வாயுவைச் செலுத்தினார்கள். பயிரில்லாத நிலத்தில் விதைகள் எழுந்தன, மடிந்தன. சட்டமும், மருந்தும், வாயுவும், இடைவிடாத கண்காணிப்பும் சேர்ந்து, சில பத்தாண்டுகளில் களை படர்ந்த நிலத்தில் மிகப் பெரும் பகுதி மீட்கப்பட்டது. செலவோ பல கோடி டாலர்.

அந்த வெற்றியைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் என் அப்பாருவின் நான்கு ஏக்கர் நிலத்திற்கு அந்த வாயு உருளையை யார் கொண்டுவந்திருப்பார்கள்? சுடுமல்லியால் மிகுதியும் வருந்துவோர் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் உள்ள புன்செய் உழவர்கள். சோளமும் கம்பும் விளைவிக்கும் அவர்களிடம் வாயுவும் இல்லை. களைக்கொல்லிக்குக் காசும் இல்லை. செல்வ நாட்டு வயலைக் காத்த முறை வறியவன் வயலுக்குள் நுழையவே முடியவில்லை.

அவ்வயலுக்கான விடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. செடிகள் ஏன் இப்பொருளைக் கசியவிடுகின்றன? பகைவனைத் தாமே எழுப்பிவிடும் பொருளை எந்தச் செடி விரும்பிச் செய்யும்? 39 ஆண்டுகள் இக்கேள்வி விடையின்றிக் கிடந்தது. 2005-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் அதனை அவிழ்த்தார்கள். வேரோடு உறவு பூண்டு, மண்ணிலுள்ள மணிச்சத்தைத் திரட்டித் தரும் நுண்ணிய பூஞ்சைகள் உண்டு. தரைமேல் வாழும் செடிகளில் பெரும்பாலானவை அவற்றின் துணையைப் பெற்றவை. சோளம் அப்பூஞ்சையை அழைப்பதற்காகவே இப்பொருளைக் கசியவிடுகிறது! நண்பனுக்கு விடுத்த அழைப்பைச் சுடுமல்லி ஒட்டுக்கேட்கிறது. அழைக்காமலே விருந்துக்கு வந்து நிற்கிறது. 2008-இல், இதே குடும்பப் பொருள்கள் செடிக்குள்ளேயும் கிளைவிடுதலை அடக்கியாளும் வளர்ச்சிப் பொருள்களாக வேலை செய்கின்றன என்று பிரெஞ்சு, ஜப்பானியக் குழுக்கள் கண்டன. ஒரு களையைத் தொடர்ந்து சென்றவர்கள், எல்லாச் செடிகளுக்கும் பொதுவான ஒரு மொழியைக் கண்டுபிடித்து வந்தார்கள்.

மணிச்சத்துக் குறைந்த மண்ணில் செடி பூஞ்சையை உரத்த குரலில் அழைக்கிறது. அதாவது, மிகுதியாகக் கசியவிடுகிறது. ஆகவே சத்தற்ற மண்ணிலேதான் சுடுமல்லி மிகுதியாக எழுகிறது. வறிய நிலம் வறியவனை மேலும் வறியவனாக்குவது இந்த வழியால்தான். எருவிட்ட வயலில் களை குறைகிறது. எங்கள் ஊரில் சோளம் விதைக்குமுன் ஆட்டுக்கிடை மடக்குவார்கள். சந்தைக்கு மாடு போன அந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு, அப்பாரு கடன் வாங்கிக் கிடை போட்டார். நிலம் கொழுத்தால் பயிர் கொழுக்கும் என்ற எண்ணமே அன்றி வேறு அறிவு அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. பூக்கள் அவ்வாண்டும் வந்தன, முன்போல் வரவில்லை.

மெதுவாகக் கசியும் பயிரைத் தேர்ந்தெடுத்தால் களைக்குச் செவி கேளாது என்பது மற்றொரு வழி. எத்தியோப்பியாவில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த கெபிசா எஜெட்டா, சுடுமல்லிக்கு ஈடுகொடுக்கும் சோள வகைகளை உண்டாக்கி ஆப்பிரிக்க உழவர்களிடம் சேர்த்தமைக்காக 2009-ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசைப் பெற்றார். நம் நாட்டுச் சோளங்களில் ‘என்-13’ என்று ஆய்வாளர் குறிக்கும் ஒரு பழைய வகை வேறு விதமாகப் பொருதுகிறது: அதன் வேரின் உட்சுவர் தடித்தது, வந்த பகைவன் துளைக்க முடியாமல் நிற்கிறான். கென்யா நாட்டிலோ, இந்தியாவில் பிறந்த சையாவுர் கான் என்ற பூச்சியியலார், மக்காச்சோளத்தைத் தண்டு துளைக்கும் பூச்சியைத் தடுக்கப்போய்ச் சுடுமல்லியையும் தடுக்கும் முறையொன்றை 1990-களில் கண்டார். மக்காச்சோள வரிசைகளுக்கிடையே டெஸ்மோடியம் என்னும் பயற்றினச் செடியை விதைத்தால், அதன் வேர்க்கசிவு சுடுமல்லி விதையை எழுப்பவும் செய்கிறது. எழுந்த முளை வளராமல் தடுக்கவும் செய்கிறது. செடி மாட்டுக்குத் தீனியும் ஆகிறது. நான் அந்த வரியைப் படித்தபோது சந்தைக்குப் போன எங்கள் சோடி மாடுகள் நினைவுக்கு வந்தன.

மீண்டும் தாம்பரத்துக்கு வருவோம். சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937-இல் இங்கே குடிபெயர்ந்த பின், அதன் வளாகத்தில் மரஞ்செடிகளைப் பேணி வளர்த்தவர்களுள் முதன்மையானவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் தாவரவியல் ஆசிரியர் அல்லர், வேதியியல் பேராசிரியர். தென்னிந்திய மலைகளில் அவர் பெயரைத் தாங்கிய காட்டுச் செடிகள் உண்டு. ஸ்ட்ரைகாலின் கதையிலும் இதே கலப்பைத்தான் காண்கிறோம். செடியை அறிந்தவன் ஒருவன், கசிவைப் பிரிக்கத் தெரிந்தவன் ஒருவன், வயலில் நடந்தவன் ஒருவன். மூவருள் எவர் குறைந்திருந்தாலும் இக்கதை பாதியில் நின்றிருக்கும். பாடங்களைத் தனித்தனி அறைகளில் பூட்டிவைக்கும் நம் கல்லூரிகள் மீது எனக்குள்ள வருத்தத்தை இங்கே விரித்துரைக்க நேரமில்லை.

ஏரிக்கரையில் நின்ற மாணவர், “அப்படியானால் இதைப் பிடுங்கிவிடட்டுமா?” என்று கேட்டார். பக்கத்தில் சோளமும் இல்லை, கரும்பும் இல்லை. கரையில் இருந்ததெல்லாம் ஆடு கடித்த புல். அவர் மண்ணைக் கையால் பறித்து, செடியின் வேரைத் தொடர்ந்து சென்று, அது ஒரு புல்லின் வேரோடு ஒட்டிய இடத்தைக் காண முயன்றார். மெல்லிய வேர் அறுந்துபோயிற்று. இரண்டாவது செடியிலும் அறுந்தது. மூன்றாவது செடியை மண்கட்டியோடு பெயர்த்து, ஏரித் தண்ணீரில் நெடுநேரம் அலசினார். அப்போது, கடுகிலும் சிறிய ஒரு வெண்குமிழ், புல்வேரைக் கவ்வியபடி தெரிந்தது. காய் முற்றியிருந்த அச்செடியைக் காகிதத்தில் இறுக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மடிப்பு அவிழாமல் வகுப்புக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அவருடைய சொந்த ஊர் விழுப்புரத்துப் பக்கம். அங்கே அவர் தந்தைக்குக் கரும்பு வயல் இருக்கிறது.